கைரேகை இயந்திரமும் முகமில்லா முதலாளியும்

செங்கலடிச் சந்தியில், பதுளை வீதி பிரிகின்ற இடத்திலுள்ள தேநீர்க் கடையொன்றில் அண்மையில் ஏறாவூர் இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். கொழும்பில் மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகிப்பவர். விபத்தில் கால் முறிந்து ஊர் திரும்பியிருந்தார். "யாரிட்டப் போய்க் கேக்கிற நானா? ஆளில்ல, போன் மட்டும்தான் இருக்கு" என்றார்.

புதிய தொழில்நுட்பத்தைத் தொழிற்சங்கங்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை இவ்விளைஞரை மனதிற்கொண்டு பார்ப்போம்.

இருக்கின்ற வேலைத்தளத்துக்குள் இயந்திரம் நுழைவது ஒரு வகை. 2025 ஆகஸ்டில் நமது தபால் ஊழியர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். கோரிக்கைகள் பல இருந்தாலும், கைரேகை வருகைப் பதிவும் மேலதிக நேரக் கொடுப்பனவுமே பெரிதும் பேசப்பட்டன. கைரேகை விடயத்தில் அரசாங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. இந்திய வங்கி ஊழியர் சங்கங்களோ 1983இல் கணினி தொடர்பாக வங்கி நிர்வாகங்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. இயந்திரம் வந்தது, ஆனால் பேச்சுவார்த்தை மேசை வழியாக வந்தது.

வேலைத்தளமே இல்லாதோர் மற்றைய வகையினர். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஆனால் செயலி நிறுவனங்கள் இவர்களை ஊழியர் என்று ஏற்பதில்லை. சுயதொழில் செய்வோர் என்கின்றன. எனவே சேமலாப நிதியும் இல்லை, விபத்து நட்டஈடும் இல்லை.

இதே வாதத்தை ஊபர் நிறுவனம் பிரித்தானியாவிலும் முன்வைத்தது. சாரதிகள் சங்கமாக இணைந்து வழக்காடினர். கட்டணத்தையும் நிபந்தனைகளையும் நிறுவனமே தீர்மானிப்பதைச் சுட்டிக்காட்டி, அவர்கள் தொழிலாளரே என 2021 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடனான விடுமுறையும் கிடைத்தன. இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலம் 2023இல் இத்தகையோருக்கென நலநிதிச் சட்டம் நிறைவேற்றியது.

இயந்திரத்தைத் தடுப்பதால் பயன் குறைவு. அதன் கணக்கை யார் எழுதுகிறார் என்று கேட்பதே பயன் தரும். அக்கேள்வியைத் தனியாள் கேட்டால் தொலைபேசி பதில் சொல்லாது.

நமது 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி, ஏழு பேர் கையொப்பமிட்டுச் சங்கமொன்றின் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இதைச் சொன்னபோது அந்த இளைஞர் சற்று யோசித்தார்.

"நம்மட ஊர்ப் பொடியன்மாரே ஏழு பேருக்கு மேல அங்க ஓடுறானுகள் நானா" என்றார்.