குட்டி யானை எவ்வளவு டீசல் குடிக்கிறது? உங்கள் கம்ப்யூட்டரிடம் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள், கேம்ஸ் விளையாடுகிறார்கள். "சரி, என் தொழிலுக்கு இதனால் என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. சொந்தமாக ஒரு பிக்-அப் வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுபவர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், அது மாதா மாதம் அவருக்குப் பணம் மிச்சப்படுத்தும். எப்படி என்று பார்ப்போம்.

காரைக்குடியை ஒட்டியுள்ள அரியக்குடியை எடுத்துக் கொள்வோம். சங்கீதத்தில் ராமானுஜ ஐயங்காரால் பெயர் பெற்ற ஊர். பித்தளை விளக்குகளுக்கும் பெயர் பெற்றது. விளக்குகள், பக்கத்து ஆத்தங்குடியில் தயாராகும் தரைக் கற்கள், கல்யாணச் சீர் சாமான்கள் என்று இந்தப் பகுதியில் பிக்-அப் வண்டிக்கு வேலை இருந்து கொண்டே இருக்கும். டாடா நிறுவனம் 2005 மே மாதம் ஏஸ் வண்டியை அறிமுகம் செய்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத் திறன், 750 கிலோ லோடு. நம் மக்கள் அதற்கு "குட்டி யானை" என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2011ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலிரோ பிக்-அப்பும் எங்கும் ஓடுகிறது.

எந்த வண்டி ஆனாலும் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் என்ன கொடுக்கும்?" என்பதுதான். விளம்பரத்தில் வரும் எண் பரிசோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுத்தது. உங்கள் லோடு, உங்கள் சாலை, உங்கள் கால் பழக்கம் அதில் இல்லை. அந்த எண்ணை நம்பி வாடகை பேசினால் கைப்பணம் போகும். மாதம் 2,400 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தால் 150 லிட்டர் போதும். 12 தான் கொடுக்கிறது என்றால் 200 லிட்டர் வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் வித்தியாசம் 4,500 ரூபாய். இது வண்டிக் கடன் தவணையில் ஒரு பகுதி அல்லவா?

எனவே உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு ஸ்ப்ரெட் ஷீட். எக்ஸெல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது.

பங்க்கில் செய்ய வேண்டியது

முதலில் டேங்க்கை முழுதாக நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றவுடன் நிறுத்திக் கொள்ளுங்கள். அப்போது கிலோ மீட்டர் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த முறையும் டேங்க்கை அதேபோல் முழுதாக நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பில்லைப் பார்த்து எழுதுங்கள். இந்த லிட்டர்தான் சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் இடையே எரிந்த டீசல். 500 ரூபாய்க்குப் போடுவது, ஆயிரம் ரூபாய்க்குப் போடுவது என்று இருந்தால் கணக்கு வராது. டீசல் முள்ளைப் பார்த்துக் கணக்கிடுவதும் சரியாக இருக்காது. முடிந்தவரை ஒரே பங்க்கில், சமமான தரையில் வண்டியை நிறுத்திப் போடுங்கள்.

ஷீட் தயாரிப்பது எப்படி?

முதல் படுக்கை வரிசையில் இந்தத் தலைப்புகளை ஒவ்வொரு செல்லில் ஒன்றாக டைப் செய்திடுங்கள்: தேதி, மீட்டர் எண், லிட்டர், லோடு, சாலை, குறிப்பு, ஓடிய கி.மீ., மைலேஜ்.

லோடு என்ற இடத்தில் காலி, பாதி, முழு என்ற மூன்று சொற்களில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். சாலை என்ற இடத்தில் ஊர் அல்லது நெடுஞ்சாலை. ஒரு டேங்க் டீசலில் பல டிரிப் போயிருந்தால் எது அதிகமோ அதை எழுதுங்கள். ஒரு நாள் "முழு", இன்னொரு நாள் "ஃபுல்" என்று எழுதினால் கம்ப்யூட்டர் அவற்றை இரண்டு வேறு வகைகளாக எடுத்துக் கொள்ளும்.

இரண்டாவது வரிசை உங்கள் முதல் டீசல். அதற்கு மைலேஜ் கிடையாது. மூன்றாவது வரிசையிலிருந்து கணக்கு தொடங்குகிறது.

1. "ஓடிய கி.மீ." செல்லில் கிளிக் செய்து, சமக்குறி (=) டைப் செய்திடுங்கள். பின் இதே வரிசையில் உள்ள மீட்டர் எண்ணை மவுஸால் கிளிக் செய்திடுங்கள். கழித்தல் குறி (-) டைப் செய்து, அதற்கு மேல் வரிசையில் உள்ள மீட்டர் எண்ணைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள்.

2. "மைலேஜ்" செல்லில் மீண்டும் சமக்குறி. இதே வரிசையின் ஓடிய கி.மீ. மீது கிளிக். வகுத்தல் குறி (/). இதே வரிசையின் லிட்டர் மீது கிளிக். என்டர்.

3. இந்த இரண்டு செல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா போய்விடும்.

செல்லில் எண்ணை மட்டும் டைப் செய்திடுங்கள். "22.5 லிட்டர்" என்று எழுதினால் கம்ப்யூட்டர் அதைச் சொல்லாக எடுத்துக் கொண்டு பிழைச் செய்தி காட்டும்.

ஓர் உதாரணம். மீட்டர் 42,150ல் டேங்க் நிரப்பினீர்கள். அடுத்து 42,510ல் 22.5 லிட்டர் பிடித்தது. ஓடியது 360 கி.மீ.; மைலேஜ் 16. அடுத்து முழு லோடுடன் ஓடி, 42,835ல் 25 லிட்டர் பிடித்தது. ஓடியது 325 கி.மீ.; மைலேஜ் 13. ஒரே வண்டி, ஒரே டிரைவர், மூன்று கி.மீ. குறைந்துவிட்டது. வண்டியில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் ஓடும் முன் "லோடு" என்ற வரிசையைப் பாருங்கள்.

மைலேஜைக் குறைப்பவை எவை?

எடை: டயர் உருளும்போது நசுங்கி நிமிர்கிறது. அதில் சக்தி வீணாகிறது. எடை கூடக் கூட இந்த இழப்பும் கூடும். அதைவிட முக்கியம், நின்று நின்று போவது. வண்டியும் லோடும் சேர்த்து ஒன்றரை டன் இருந்தால், ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அந்த ஒன்றரை டன்னை எஞ்சின் புதிதாகத் தள்ள வேண்டும். அடுத்த பிரேக்கில் அது முழுவதும் சூடாகப் போய்விடுகிறது. ஊருக்குள் தெருத் தெருவாக லோடு இறக்கும் நாட்களில் மைலேஜ் விழுவது இதனால்தான்.

காற்று: லோடு என்றால் கிலோ மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். ஆத்தங்குடி கல் ஏற்றினால் எடை அதிகம். ஆனால் அடுக்கு கேபினைவிட உயராது. பஞ்சு மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, பனை ஓலைக் கொட்டான் ஏற்றினால் எடை மிகக் குறைவு. ஆனால் அடுக்கு கேபினுக்கு மேல் எழும்பி காற்றில் மோதும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 40 கி.மீ. வேகத்தைவிட 80ல் நான்கு மடங்கு. 60ஐ விட 80ல் ஏறக்குறைய 1.8 மடங்கு. எனவே கல் லோடு ஊருக்குள் டீசலைத் தின்னும். மெத்தை லோடு நெடுஞ்சாலையில் தின்னும். மதுரைக்கோ திருச்சிக்கோ உயரமான லோடு போகும்போது, தாழ்வாக அடுக்கி, தார்ப்பாயைப் படபடக்காமல் இழுத்துக் கட்டி, வேகத்தைக் குறைத்தால் பலன் தெரியும். மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் பரிந்துரைக்கும் வேகம் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வரை.

டயர் காற்று: அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி டயர்களில் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறையும்போதும் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். 10 பிஎஸ்ஐ குறைந்தால் 2 சதவீதம். லோடு வண்டியில் முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேறாக இருக்கலாம். வண்டியுடன் வந்த புத்தகத்தில் பார்த்து, காலையில் டயர் சூடேறும் முன் பிடியுங்கள்.

நின்றபடி ஓடும் எஞ்சின்: லோடு இறக்கும்போதும் ரயில்வே கேட்டிலும் எஞ்சின் ஓடிக் கொண்டிருந்தால் அந்த நேரத்து மைலேஜ் பூஜ்யம். டீசல் மட்டும் குறையும்.

பராமரிப்பு: அடைத்த ஏர் பில்ட்டர், ஒட்டிக் கொள்ளும் பிரேக், வழுக்கும் கிளட்ச் மூன்றும் டீசலைக் குடிப்பவை. மாற்றிய நாளைக் "குறிப்பு" செல்லில் எழுதுங்கள். அதற்கு முன்னும் பின்னும் மைலேஜ் எப்படி என்று பிறகு பார்க்கலாம்.

ஷீட்டிடம் கேள்வி கேட்பது எப்படி?

இரண்டு மாதம் போனபின் டேட்டா மெனுவில் பில்ட்டர் தேர்ந்தெடுங்கள் (கால்க் புரோகிராமில் ஆட்டோ பில்ட்டர்). தலைப்புகளில் சிறிய அம்புக் குறிகள் தோன்றும். "லோடு" அம்பில் கிளிக் செய்து "முழு" மட்டும் வைத்தால் முழு லோடு வரிசைகள் மட்டும் தெரியும். இப்போது ஓடிய கி.மீ. எண்களைத் தேர்ந்தெடுத்தால், திரையின் அடியில் உள்ள பட்டையில் மொத்தம் கிடைக்கும். லிட்டருக்கும் அப்படியே பார்த்து, முதல் மொத்தத்தை இரண்டாவதால் வகுத்திடுங்கள். இதுதான் உங்கள் வண்டியின் முழு லோடு மைலேஜ். மைலேஜ் எண்களின் சராசரியை எடுக்க வேண்டாம். குறைவாக ஓடிய முறையும் அதிகமாக ஓடிய முறையும் அதில் ஒரே மதிப்பு பெற்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. டேங்க் நிரப்பும்போது ஒரு லிட்டர் கூடக் குறைய ஆகலாம். 25 லிட்டரில் ஒரு லிட்டர் என்பது 4 சதவீதம். ஆகவே டயர் காற்று தரும் 2 சதவீத லாபம் ஒரே முறையில் தெரியாது. நான்கைந்து முறை நிரப்பிய கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மாற்றம் செய்தால் எதனால் லாபம் என்று தெரியாமல் போகும். ஒன்று ஒன்றாகச் செய்திடுங்கள்.

மைலேஜ் குறைந்தாலும் லாபம்!

இனி முக்கியமான விஷயம். காரைக்குடியிலிருந்து 90 கி.மீ. தொலைவுக்கு 700 கிலோ போக வேண்டும். ஒரே டிரிப்பாக முழு லோடு ஏற்றினால் போகும்போது மைலேஜ் 13, காலியாகத் திரும்பும்போது 16 என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் சுமார் 12.5 லிட்டர். அதையே 350 கிலோவாக இரண்டு டிரிப் அடித்தால் போகும்போது மைலேஜ் 14.5 என்று உயரும். ஆனால் மொத்த டீசல் ஏறக்குறைய 23.7 லிட்டர்! மைலேஜ் எண் நன்றாக இருக்கிறது. பணம் கூடுதலாகப் போகிறது. காலியாகத் திரும்பும் வண்டியின் 16 கி.மீ. மைலேஜும் அப்படித்தான். அந்த டீசலுக்கு வாடகை கொடுப்பவர் யாரும் இல்லை.

எனவே ஷீட்டில் இன்னும் இரண்டு தலைப்புகள் சேருங்கள்: "டீசல் செலவு", "கிடைத்த வாடகை". ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எந்த வகை டிரிப் கை கொடுக்கிறது என்பது தெரிந்துவிடும். பாதி லோடு டிரிப்களைச் சேர்த்துப் போகச் சொல்வது, திரும்பும் வழிக்கு ஒரு சாமான் பிடிப்பது போன்ற முடிவுகளுக்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

அதற்காக அனுமதித்த அளவுக்கு மேல் ஏற்றி விடாதீர்கள். பிரேக், டயர், கிளட்ச் மூன்றும் பாதிக்கும், உயிருக்கும் ஆபத்து. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம் உண்டு. கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் தனி. பல மாத டீசல் மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

சிஎன்ஜி வண்டி என்றால் லிட்டருக்குப் பதில் கிலோ எழுதுங்கள். ஏஸ் வண்டியின் மின்சார மாடல் 2022ல் அறிமுகமானது. அது போன்ற வண்டிக்கு யூனிட் எழுதினால் போதும். மற்ற கணக்கெல்லாம் இதுவேதான்.

ஒவ்வொரு முறையும் பைலை சேவ் செய்து, மாதம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்திடுங்கள். அடுத்த முறை டேங்க் நிரப்பும்போது பில்லைக் கசக்கி எறியாமல் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஷீட்டின் இரண்டாவது வரிசை அதற்காகக் காத்திருக்கிறது.