மழை பெய்த ஒன்பதாம் நாள்

வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே வானம் இருண்டு, தேக்காவில் பூக்கடைக்காரர்கள் மாலைகளை அவசரமாக உள்ளே எடுத்து வைக்கும்படி மழை கொட்டும். சிங்கப்பூரில் அது அன்றாடக் காட்சி. அந்த மழை நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, ஒன்பதாம் நாள் காலை சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். கிளைகளில் வெள்ளைப் புறாக்கள் சிறகு விரித்து உட்கார்ந்திருப்பதுபோல் பூத்திருக்கும் புறா ஆர்க்கிட்.

இதன் தாவரவியல் பெயர் டென்ட்ரோபியம் குருமெனாட்டம். லத்தீனில் குருமெனா என்றால் பணப்பை. பூவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பையை நினைவூட்டும் சிறு பை ஒன்று தெரியும்.

மழைக்கும் பூவுக்கும் உள்ள கணக்குதான் அதிசயம். மொட்டுகள் ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன. திடீர் மழையில் வெப்பநிலை சட்டென்று 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால்தான் மறுபடி வளர்கின்றன. குளிர் எல்லாச் செடிகளையும் ஒரே நேரத்தில் தொடுவதால், அந்த வட்டாரமே ஒரே நாளில் பூக்கிறது. காலையில் மணம் வீசும் பூ, அன்றே வாடத் தொடங்கிவிடும். தன் மகரந்தத்தால் இதற்குக் காய் பிடிக்காது. வேறொரு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். ஒரு நாளே வாழும் பூவுக்கு அக்கம்பக்கமும் அன்றே பூத்தாக வேண்டும்.

மரத்தை உறிஞ்சி வாழ்கிறது என்று பலர் இதைப் பழிக்கிறார்கள். பாவம், இது ஒட்டுண்ணியே அல்ல. மரம் இதற்கு உட்கார இடம் மட்டுமே தருகிறது. வேரைச் சுற்றியுள்ள வெள்ளை உறை, பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்த வேரில் தண்ணீர் தெளித்தால், கண்ணெதிரே பச்சை நிறம் ஏறும்.

அதனால் மண்ணில் நடக் கூடாது, வேர் அழுகிவிடும். மரத்துண்டில் கட்டலாம், அல்லது ஓட்டைச் சட்டியில் கரித்துண்டுகளை நிரப்பி வைக்கலாம். வீவக அடுக்குமாடி வீடென்றால், காலை வெயிலும் மழைக்காற்றும் படுகிற தாழ்வாரம் ஏற்றது. தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும்.

விதையிலிருந்து வளர்ப்பது வேறு கதை. தூசு போன்ற அந்த விதையில் சேமித்த உணவு இல்லை. காட்டில் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். 1928இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம், ஆய்வகக் குடுவையில் சத்துக்கூழிலேயே ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைக்கத் தொடங்கினார். சிங்கப்பூர்க் காடுகளிலிருந்து மறைந்துபோன புலி ஆர்க்கிட்டும் இப்படிக் குடுவையில் பிறந்துதான் சாலையோர மரங்களுக்குத் திரும்பியிருக்கிறது.