பழைய மேசைக் கணினியில் ராம் பொருத்துதல்

பழைய மேசைக் கணினியின் வேகத்தைக் கூட்டப் பலரும் முதலில் வாங்குவது ராம் எனப்படும் நினைவகப் பலகையே. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டும் ஒரே நீளம்; இரண்டிலும் 240 தொடுமுனைகள். அடிவிளிம்பிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். மின்னழுத்தமும் வேறு: முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகிவிடாமல் தடுக்கவே அந்த வெட்டு. அழுத்தித் திணித்தால் மதர்போர்டின் செருகுவாய் உடையும். அந்தக் காலத்து மதர்போர்டு மறுபடி கிடைப்பதும் அரிது. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தேறி வாங்கப் போகிறவர்கள் பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது.

சரியான வகையைப் பொருத்தியும் திரை வரவில்லையா? குற்றாலச் சாரல் காலத்து ஈரத்தில் இது புதிதல்ல. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, தொடுமுனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் செருகிப் பார்க்கலாம்.