பாமினியில் பூட்டிய வினாத்தாள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் திறன் வகுப்பறை திறந்தால், நாடா வெட்டும் படம் பத்திரிகையில் வரும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் காசு அனுப்பியிருப்பார்கள். திரை, புரொஜெக்டர், கணினி எல்லாம் புத்தம் புதிது. அந்தத் திரையில் விழப்போகும் பாடக்குறிப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதும் வகுப்பு வாட்ஸ்அப்புக்குள் போனது. ஆசிரியர் வீட்டுக் கணினியில் அடித்து அனுப்பிய வேர்ட் கோப்பு, பிள்ளையின் கைபேசியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். "சேர், வாசிக்கேலாமல் கிடக்கு, படமெடுத்துப் போடுங்கோ" என்று பதில் போகும்.

காரணம் பாமினி என்ற எழுத்துரு. கணினிக்கு எழுத்தென்பது ஓர் எண். ஆங்கிலச் சிறிய 'எம்' 109, 'கே' 107. பாமினி இந்த எண்களை மாற்றவில்லை. 109 வரும் இடத்தில் 'அ' வடிவத்தையும் 107 வரும் இடத்தில் 'ம' வடிவத்தையும் வரைகிறது, அவ்வளவுதான். 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கில எழுத்துக்கு வேட்டி கட்டிவிட்ட கதை. எழுத்துரு இல்லாத கைபேசியில் வேட்டி அவிழ்ந்துவிடும். யுனிகோட் எனும் ஒருங்குறியிலோ 'அ'வுக்கு 2949, 'ம'வுக்கு 2990 என்று தமிழுக்கே உரிய எண்கள் உண்டு.

பிடிஎவ் ஆக்கி அனுப்பினால் கண்ணுக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் பத்து வருட வினாத்தாள்களில் 'ஒளித்தொகுப்பு' எங்கெங்கே வந்ததென்று தேடிப் பாருங்கள், ஒன்றும் அகப்படாது. பாமினியில் 'தொ' என்பது கொம்பு, த, அரவு என மூன்று எண். ஒருங்குறியில் த, அதன்பின் ஒகரக் குறி, இரண்டே எண். தேடும் சொல்லும் கோப்பிலுள்ள சொல்லும் சந்திக்கவே மாட்டா.

இதைச் சில்லறை விசயமென்று தள்ள முடியாது. கேள்விக்கு விடை எழுதிப் பார்க்கும்போதுதான் பாடம் மனதில் நிற்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஒரு வாரத்தின் பின் 40 வீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, பிறகு நினைவிலிருந்து திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தவர்கள் 61 வீதம். கடந்தகால வினாத்தாள் செய்விக்கும் எங்கள் ரியூசன் கொட்டில்களுக்கு இது புதினமில்லை. அலகுவாரியாகக் கேள்விகளைப் பொறுக்கி, பிள்ளைக்கேற்றபடி கொடுப்பதில்தான் கணினி உதவ முடியும். அதற்கு எழுத்து எழுத்தாக இருக்கவேண்டும்.

பார்வையற்ற மாணவருக்கு இது இன்னும் பெரிய இடர். சுன்னாகத்தில் வாழ்வகம் போன்ற இல்லங்களில் தங்கிப் படிப்பவர்கள் இருக்கும் மண் இது. என்விடிஏ என்ற இலவச மென்பொருள் ஒருங்குறித் தமிழை உரத்து வாசிக்கும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால் "எம், கே" என்று தடுமாறும்.

பாமினியைத் திட்டுவது நன்றிகெட்ட செயல். றோணியோ என்ற படியெடுக்கும் பொறியில் மை பூசிக்கொண்ட தலைமுறைக்கு அது விடுதலை. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு ஏறத்தாழ அதே விசை ஒழுங்கு. அந்த ஒழுங்கை விடவும் தேவையில்லை: என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளில் பாமினி விசைப்பலகையிலேயே அடிக்கலாம், விழுவது ஒருங்குறி. 2008இல் வந்த எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரமும் ஒருங்குறியைத்தான் சொல்கிறது.

பழைய கோப்புகளுக்குச் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் உண்டு. விஞ்ஞான ஆசிரியர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்கவேண்டும். மாற்றிக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. நீரின் இரசாயனச் சூத்திரத்தையும் தமிழாக்கிவிடும். சமன்பாடுகளை முதலில் வெட்டி வேறாக வைத்துவிட்டு, மிச்சத்தை மாற்றுவது நல்லது.