சிறு கட்டத்துள் ஒரு சித்திரக்கதை

கதை படைப்பவருக்கு வாசகர் தேவை. வாசகருக்கோ அக்கதை எங்கே கிடைக்கும் என்பது தெரிய வேண்டும். இவ்விரு தேவைகளையும் இணைத்துவைக்கும் விழாவொன்று ஜப்பானில் உண்டு. அதன் பெயர் கொமிக்கெட்; சித்திரக்கதைச் சந்தை என்பது பொருள்.

1975 டிசெம்பர் 21 ஆம் திகதி டோக்கியோவில் முதற் சந்தை கூடியது. பங்கேற்ற குழுக்கள் 32. வந்தோர் ஏறத்தாழ 700 பேர். அவர்களுள் பெரும்பாலோர் எம்மைப் போன்ற பாடசாலை மாணவியரே!

இன்று ஆண்டுக்கு இருமுறை கூடும் அச்சந்தையில் ஆயிரக்கணக்கான குழுக்கள் தாமே அச்சிட்ட நூல்களைப் பரப்பிவைக்கின்றன. இத்தனை மேசைகளுள் விரும்பியதைக் கண்டுபிடிப்பது எவ்வாறு?

இதற்காகவே முன்கூட்டியே ஒரு பட்டியல் நூல் வெளியாகிறது. அதில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிறு கட்டம். தம் படைப்பை உணர்த்தும் படத்தைக் குழுவினரே அதனுள் வரைகின்றனர். ஒரே வகைக் கதைகளைப் படைப்போருக்குப் பெரும்பாலும் அருகருகே இடம் ஒதுக்கப்படுகிறது. இரசிகர்கள் பட்டியலைப் புரட்டி, வரைபடத்தில் குறியிட்டுக்கொண்டே புறப்படுகின்றனர்.

புகழ்பெற்றோருக்கும் புதியோருக்கும் கட்டத்தின் அளவு ஒன்றே. விளம்பரத்துக்குப் பணமில்லாத மாணவியொருத்தியின் முதல் நூலும் தன் வாசகரைச் சென்றடைய அக்கட்டம் வழிதிறக்கிறது. அங்கு வாடிக்கையாளர் என்று எவருமில்லை. எழுதுபவரும் வாங்குபவரும் பங்கேற்பாளரே. திறமை மட்டும் போதாது, அதைத் தேடி வருவோருக்கு வழிகாட்டவும் வேண்டும் என்பதை அச்சிறு கட்டம் உணர்த்துகிறது.