பறவைக் கண்ணில் ஒரு ரயில் ஊர்... சேலத்தை ஏன் யாரும் இப்படி வரையவில்லை?

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்ப்பவர்கள் முதலில் செய்யும் வேலை, 'நம்ம வீடு எந்தப் பக்கம்?' என்று விரல் நீட்டித் தேடுவதுதான். இந்த ஒரு ஆசையை நம்பி அமெரிக்காவில் பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது.

19-ம் நூற்றாண்டின் பிற்பாதி. ரயில் வந்து சேரும் புதிய ஊர்களில் ஓவியர்களும் வந்து இறங்குவார்கள். மொத்த ஊரையும் வானத்தில் இருந்து சாய்வாகப் பார்ப்பதுபோல ஒரே தாளில் வரைந்து, அச்சிட்டு, அந்த ஊர்க்காரர்களிடமே விற்பார்கள். கொலராடோ மலையில் 10,000 அடிக்கும் மேலே இருக்கும் லெட்வில், வெள்ளிச் சுரங்கத்தால் திடீரென்று பெருத்த ஊர். 1880-ல் அங்கே ரயில் வந்தது. 1882-ல் ஹென்றி வெல்ஜ் வரைந்த படமும் வந்துவிட்டது!

விமானம் இல்லாத காலத்தில் எப்படி? பெரும்பாலும் பலூனில்கூட ஏறவில்லை. தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, பிறகு மேஜையில் உட்கார்ந்து மனக்கணக்கில் மேலே 'பறந்தார்கள்'. முன்கூட்டியே ஆர்டர் பிடித்துவிடுவதும் உண்டு. ரயில் இன்ஜினும் தொழிற்சாலைப் புகைபோக்கியும் தாராளமாகப் புகை கக்கும். ஊர் செழிப்பாக இருக்கிறது என்பதற்கு அன்று அதுதான் அடையாளம். கொஞ்சம் பில்டப்தான். ஆனால் அவரவர் கடையும் வீடும் அதில் இருந்ததால் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். இப்படி 1,500-க்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. ஆன்லைனில் இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

லெட்வில்லுக்கு முன்பே, 1860-களின் தொடக்கத்தில், மெட்ராஸ் ரயில்வே சேர்வராயன் மலையோரமாக வளைந்து சேலத்துக்கு வந்துவிட்டது. வந்து நின்ற இடம் பழைய நகரத்தில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி சூரமங்கலத்தில். பறவைப் பார்வையில் வரைந்திருந்தால் ஊர் ஒரு மூலையிலும் ஸ்டேஷன் இன்னொரு மூலையிலும் கிடந்திருக்கும்!

ஆனால் இங்கே வரைபடத்துக்குக் காசு கொடுத்தது ஊர்க்காரர்கள் அல்ல, அரசாங்கம். 1792-ல் திப்பு சுல்தானிடம் இருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீட் தன் உதவியாளர் தாமஸ் மன்றோவுடன் நிலங்களை அளக்கத் தொடங்கினார். எதற்கு? வரி போட. நிலம் வாங்கும்போது நாம் இன்றும் கேட்டு வாங்கும் புலப்படத்தில் எல்லைக் கோடும் அளவும் இருக்கும். திண்ணையும் கிணற்றடி வேப்பமரமும் இருக்காது.

அதே 1792-ல் இந்தப் பக்கமாகப் பயணம் செய்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் ராயக்கோட்டையை அழகாக வரைந்தார்கள். அவர்கள் கண்ணுக்குப் பட்டது மலையும் கோட்டையும். வாங்கியவர்கள் லண்டன் பணக்காரர்கள்.

நாமக்கல் கதை இன்னும் வேடிக்கை. ஊர் நடுவே ஒரே பாறை, உச்சியில் கோட்டை. ஏறினால் நாலு பக்கமும் தெருக்கள் விரியும். பறவைப் பார்வைக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. ரயில்தான் இல்லை. கரூர் - சேலம் பாதை திறந்து நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013 மே மாதம். அதற்குள் எல்லோர் கையிலும் கேமரா வந்துவிட்டது.