வாகனத்தின் பிறப்பு அடையாளம்

தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள புதியம்புத்தூர், ஆயத்த ஆடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். தைத்த துணிகளை வெளியூர்களுக்கு ஏற்றிச் செல்ல வேன் தேவை. புதிய வேனுக்கு முதல் போதாதவர்கள் பழைய வேனை நாடுவார்கள். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறும். அந்த வேன் உண்மையில் விற்பவருக்கு உரியதுதானா? இதை அறிய அறிவியல் நமக்கு எவ்வாறு உதவும் என்று பார்ப்போம்.

ஒவ்வொரு வாகனத்தின் அடிச்சட்டத்திலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவே சேஸிஸ் எண். இக்கால வாகனங்களில் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 17 குறிகள் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் வருவதில்லை. 1, 0 ஆகிய இலக்கங்களோடு அவை குழம்பிவிடும் அல்லவா?

திருட்டு வாகனங்களில் இந்த எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு வேறு எண்ணை அடிப்பதுண்டு. தேய்த்தால் எண் அடியோடு மறைந்துவிடுமா?

எஃகின் மேல் எண் அச்சை வைத்துச் சம்மட்டியால் அடிப்பதாகக் கொள்வோம். விசை சிறிதானால் உலோகம் பழைய நிலைக்கு மீண்டுவிடும். மீட்சி எல்லையைத் தாண்டினால் மீளாது, பள்ளம் நிலைத்துவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது பள்ளம் மட்டுமே. அதற்குக் கீழேயும் உலோகப் படிகங்கள் நசுங்கி உருக்குலைந்திருக்கும். பள்ளம் மறையும்வரை தேய்த்தாலும் இந்த அடுக்கு எஞ்சி நிற்கும். தடயவியல் ஆய்வுக்கூடத்தில் அப்பரப்பை மெருகேற்றி, தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவுவார்கள். உருக்குலைந்த பகுதியும் சுற்றுப் பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படும். மறைந்த எண் மெல்லத் தலைகாட்டும். அந்த அடுக்கையே நீக்குமளவு ஆழமாகத் தேய்த்திருந்தால் மட்டும் இம்முறை பலிக்காது.

வாங்குபவர் அமிலத்தைத் தொட வேண்டியதில்லை. எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக உள்ளனவா? அவ்விடத்தில் மட்டும் புதுவண்ணமோ அரத்தின் கீறலோ தெரிகிறதா? பிறகு அந்த எண்ணைப் பதிவுச் சான்றோடு, அதாவது ஆர்.சி.யோடு, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் எண்ணையும் அவ்வாறே பாருங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது சான்றில் பதிவாகியிருக்க வேண்டும்.

ஒரு சிறு காந்தமும் கைகொடுக்கும். எஃகுத் தகட்டில் அது இறுகப் பற்றும். அடிபட்ட இடத்தில் பட்டி பூசி வண்ணமடித்திருந்தால் பிடி தளரும். பழைய விபத்தைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும்!

உலோகம் சொல்லாத செய்திகளும் உண்டு. வாகனத்தின் மேல் கடன் இருந்தால் பதிவுச் சான்றில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் தீர்ந்தது என்ற வாய்ச்சொல் போதாது. அந்த நிறுவனம் கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவத்தைக் கேளுங்கள். பதிவு நாள், தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றை மத்திய அரசின் 'வாகன்' பதிவேட்டில் வாகன எண்ணைக் கொண்டு சரிபார்க்கலாம்.

பணம் கொடுத்து வண்டியை ஓட்டி வந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் எண் படிவங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கியவருக்கு இதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. விற்றவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பெயர் மாற்றாமலே பல கைகள் மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே முதலில் உலோகம், அடுத்து பதிவேடு, கடைசியில் பணம். இந்த வரிசையை மாற்றச் சொல்லி அவசரப்படுத்துபவரிடம் வேன் வாங்காமலிருப்பதே நல்லது.